வாத்துத் தலை உங்ககிட்ட, உடம்பு என்கிட்ட

ஹலோ... ஹலோ... ம், நான்தான்... கேக்குது, கேக்குது. உங்க பின்னாடிதான் ஒரே இரைச்சல். இன்ஜின் சத்தமா?... அப்போ அந்தக் கதவைச் சாத்திட்டுப் பேசுங்க... ம், இப்போ பரவாயில்ல.

இல்லல்ல, வீட்லதான் இருக்கேன். காலையில கடையில நல்ல கூட்டம். மத்தியானத்துக்கு மேல ஒரு ஈ காக்கா கூட எட்டிப் பாக்கல, முதலாளியே மூடிட்டுப் போகச் சொல்லிட்டார்... அட, அதை ஏன் கேக்குறீங்க! ஒருத்தர் வந்தார். சுவத்துல மாட்டியிருக்கிற எழுத்தை எல்லாம் கடகடன்னு படிச்சார். இவருக்கு எதுக்குடா கண்ணாடின்னு பாத்தா, வரிசையில உக்காந்திருந்தப்ப முன்னாடி இருந்தவங்க படிச்சதைக் கேட்டே மனப்பாடம் பண்ணிட்டாராம்! வெளியில போறப்ப கதவுன்னு நெனச்சு அலமாரியைத் தொறக்குறார்... நெஜமாங்க! சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது.

சாப்பிட்டாச்சு... மாமாவும் சாப்பிட்டாச்சு... நீங்க?... தெரியுமே. கப்பலுக்கே ஆக்கிப் போட்டுட்டு, கடைசியில நின்னுக்கிட்டே சட்டியைச் சுரண்டுவீங்க. சமையல்காரர் வயிறு காயுதுன்னா வெளியில சொன்னா யாராவது நம்புவாங்களா?

இருங்க, ஒரு நிமிஷம். மாமா! மாமா, அதைத் தொடாதீங்க, அதுல பூண்டு இருக்கு!... இல்ல மாமா, டீ குடிக்கிற டம்ளர் தட்டுக்குப் பக்கத்துல கவுத்து வெச்சிருக்கேன் பாருங்க... அதேதான், அதேதான்.

வேற யாரு, உங்க அப்பாதான். இந்த வீட்ல ஒரு டம்ளர் மிச்சமில்லைன்னு காலையிலேருந்து ஒரே பாட்டு. நான் என்னங்க பண்றது? ஜன்னல் மேடை பூராவும் ஆள் குடி வந்தாச்சு. ஒரு பக்கம் வெங்காயத்தாள் அடிவேர், பக்கத்துல முட்டைக்கோஸ் அடித்தண்டு, அதுக்குப் பக்கத்துல கேரட் தலை, புதினாக் காம்பு, பூண்டுப் பல்லு... ஒரு வாய் தண்ணி குடிக்கணும்னாக் கூட யாரையாவது காலி பண்ணச் சொல்லணும் போல இருக்கு.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. யாரால வந்ததாம் இது? கல்யாணம் ஆன புதுசுல நீங்க குப்பையைத் தண்ணியில போட்டு வெச்சுட்டு அதைப் பாத்துக்கிட்டே நிப்பீங்க. நான் எங்க அம்மாகிட்ட ஓடிப் போய், "மாப்பிள்ளைக்கு ஏதோ ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொன்னேன். இப்போ நான் நிக்கிறேன் அதே எடத்துல.

வெங்காயத்தாளா? ஓஹோன்னு இருக்கு. அறுக்க அறுக்க வருது. தண்ணி தினமும் மாத்துறேன்... ஆமா, ஒரு நாள் மறந்துட்டேன், வீடே நாறிப் போச்சு. மாடி வீட்டம்மா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி வந்து கேஸ் கசியுதான்னு கேட்டுட்டுப் போனாங்க. இப்போ அவங்களும் முட்டைக்கோஸ் அடியைத் தூக்கிப் போடறதில்ல, எனக்குக் கொடுத்து விடறாங்க. நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்துறேன்?

கேரட் தலைக்கு எலை வந்திருக்குங்க, கொத்துக் கொத்தா. ஆனா உங்க அப்பா பண்ற கூத்தைக் கேளுங்க. தினமும் எழுந்ததும் பல்லு கூடத் தேய்க்காம அதைத் தூக்கி அடியில பாக்குறார்... கேரட் இறங்கியிருக்கான்னு! எலை மட்டும்தான் வரும் மாமா, கெழங்கு வராதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன். "இவ்ளோ எலை விடறவன் அடியில சும்மாவா இருப்பான்"ங்கிறார். நான் என்ன சொல்ல?

வெங்காயத்தாள் எதுல இருக்கா? உங்க டம்ளர்லதான்... ஆமாங்க, விளிம்பு நசுங்கினதே, அதேதான்... ஐயோ, நீங்கதானே வெச்சுட்டுப் போனீங்க! அன்னிக்குக் காலையில டீயைக் குடிச்சிட்டு, டம்ளரைக் கழுவி, அதுலயே வெங்காய அடியைப் போட்டுத் தண்ணி ஊத்தி வெச்சுட்டுக் கிளம்பினீங்க. அப்படியேதான் இருக்கு. சரி, அதை விடுங்க.

என்ன?... யாரு, கேப்டனா?... இன்னிக்கேவா?

...

அடுத்த துறைமுகத்துல எறங்குறீங்களா, இல்ல அடுத்த சுத்துக்கும் இருக்கீங்களான்னு... ம்... ம்... இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்குள்ள சொல்லணுமா? முன்னாடியே சொல்லக் கூடாதா மனுஷா?

இங்கேயும் அதே கதைதான். அந்த ஆஸ்பத்திரி கேன்டீன் அம்மா நேத்து கூட கடைக்கு வந்தாங்க, மூக்குக்கண்ணாடியைச் சரி பண்ணணும்னு. கண்ணாடி ஒரு சாக்கு. "உங்க வீட்டுக்காரர் வராரா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க, அடுப்பைப் பாத்துக்க ஆள் இல்லாம தவிக்கிறேன்"னாங்க. நாளைக்கு வேற ஆளைப் பாத்துடுவாங்களாம்.

நம்ம பந்தயத்துல யார் ஜெயிச்சாங்களோ, அவங்க சொல்றதுதான்... என்னது?... பேச்சு அப்படி இல்லையா? ஏங்க, கடல் காத்துல எல்லாம் மறந்து போச்சா? நான் சொல்றேன், கேளுங்க. நீங்க கிளம்புற அன்னிக்கு அடுப்படியில நின்னு சண்டை போட்டோம். நான், "போதும், கரையிலயே வேலை இருக்கு, இருங்க"ன்னேன். நீங்க, "இது போக இன்னும் ஒரு சுத்து போனாத்தான் மனசு ஆறும்"னீங்க. நீங்களும் விடல, நானும் விடல. வாசல்ல வண்டி வந்து ஹாரன் அடிக்குது. அப்போ உங்க கையில ஒரு இஞ்சி இருந்துச்சு... ஆமா, வாத்து மாதிரி! அதைப் பாத்து நாம ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம், சண்டை பாதியில நின்னுச்சு. நீங்கதான் அதைக் கழுத்தோட ஒடச்சீங்க. தலை உங்ககிட்ட, உடம்பு என்கிட்ட. யாரோடது முதல்ல முளைக்குதோ, அவங்க சொன்னபடி கேக்கணும். உங்களோடது முளைச்சா அடுத்த சுத்து. என்னோடது முளைச்சா கேன்டீன். மாமாதான் சாட்சி.

ம்... இப்போ ஞாபகம் வருதா? நல்லது.

முதல்ல நீங்க சொல்லுங்க. உங்க வாத்துத் தலை என்ன பண்ணுது?... இன்னும் தூக்கமா? நெஜமா?... ஒரு முளைக் கண்ணு கூட வீங்கலையா?... கடல் மேல சத்தியமா?... என்னங்க, சத்தியம்னதும் இருமல் வருது? தண்ணி குடிங்க... சரி சரி.

அப்போ நான் சொல்லட்டுமா? உக்காந்துக்கோங்க... உக்காந்தாச்சா? முளைச்சிருச்சுங்க! என் இஞ்சி முளைச்சிருச்சு!

...

ஹலோ? இருக்கீங்களா?... ஆமாங்க, ஆமா! இன்னிக்குக் காலையில! மண்ணு லேசா விரிசல் விட்டிருந்துச்சு. எலி கிலி நோண்டியிருக்கோன்னு குனிஞ்சு பாத்தா, பச்சையா கூரா ஒண்ணு எட்டிப் பாக்குது. எனக்கு நம்பிக்கையே வரல. கடையிலேருந்து கொண்டு வந்து வெச்சிருந்த பெரிய லென்ஸை எடுத்துப் பாத்தேன். சந்தேகமே இல்ல. கண்ணாடிக் கடையில வேலை பாக்குறவ கண்ணு தப்புமா? கடையில இன்னிக்கு வந்தவங்க எல்லாருக்கும் ஃப்ரேமை நானே ரெண்டு தடவை தொடச்சுக் கொடுத்தேன், அவ்ளோ சந்தோஷம்.

அதான் பேச்சு முடிஞ்சுதே! கேப்டன்கிட்ட போய்ச் சொல்லிடுங்க, "ஐயா, வீட்டு இஞ்சி முளைச்சிருச்சு, நான் கிளம்புறேன்"னு... ஏன், சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறார்.

என்ன?... எந்தப் பக்கமா? எதுக்குக் கேக்குறீங்க?... அது... கழுத்துப் பக்கம்தான். கழுத்துக்கிட்ட.

...

என்ன சொல்றீங்க? கழுத்துல கண்ணே இல்லையா?... ஒடச்ச எடம் காஞ்சு வெள்ளையா மூடிக்குமா... ம்... அங்கேருந்து எப்படி முளைக்கும்னா... எனக்கென்ன தெரியும், முளைக்கணும்னு வந்துட்டா அது எங்கேருந்து வேணா முளைக்கும்! இல்ல, இருங்க, நான் தொட்டியைத் திருப்பி வெச்சுட்டேன். வால் பக்கம். ஆமா, வால் பக்கம்தான். கழுத்துன்னு நெனச்சது வால்.

வால் எப்படி இருக்கா? வால்... வால் மாதிரிதான் இருக்கு... ரெண்டாப் பிரிஞ்சா? ஆமா, பிரிஞ்சிருக்கு... ஐயோ, பிரியலையா? அப்போ பிரியல. மண்ணுக்குள்ள இருக்கிறதை நான் எப்படிப் பாப்பேன்? என்ன இது, போலீஸ் மாதிரி குடைஞ்சு குடைஞ்சு கேக்குறீங்க!

மாமா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. நான் சமாளிச்சுக்கிறேன்... மாமா, கத்தாதீங்க, ஃபோன்ல கேக்கும்...

...

இல்லங்க, அது... டிவி... டிவியிலதான் யாரோ, "நான் குடிச்சதுல வால் ஒத்தையாத்தான் இருந்துச்சு"ன்னு... ஏதோ நாடகம்...

...

சரி! சரி, விடுங்க. சொல்லிடறேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியல, கூட்டாளியும் சரியில்ல. மாமா, போதுமா இப்போ? திருப்தியா?

உங்க அப்பா அதைக் குடிச்சிட்டார்ங்க. இஞ்சியை! வாத்து உடம்பை!... எப்படின்னா? நீங்க போய்ச் சில வாரத்துல. ஒரு நாள் காலையில அவருக்குத் தொண்டை கரகரன்னு இருந்துச்சாம். வீட்ல இஞ்சி தீந்து போச்சு. கடை தொறக்கல. தொட்டியில ஒண்ணு சும்மாதானே கெடக்குதுன்னு தோண்டி எடுத்து, கழுவி, நசுக்கி, டீயில போட்டுட்டார். சாட்சியே இந்த வேலையைப் பண்ணினா நான் எங்க போய் நியாயம் கேக்குறது?

அதுகூடப் பரவாயில்ல. எனக்கும் ஒரு டம்ளர் கொண்டு வந்து கொடுத்தார். நானும், "ஆஹா, இன்னிக்கு டீ அருமை மாமா, காரம் சும்மா நச்சுன்னு இருக்கு"ன்னு பாராட்டிக் குடிச்சேன். ரெண்டாவது டம்ளர் வேற கேட்டு வாங்கிக் குடிச்சேன்! அப்புறம் தண்ணி தெளிக்கப் போனா, தொட்டியில குழி. நம்ம பந்தயத்தை நானே ஊதி ஊதிக் குடிச்சிருக்கேன்.

சிரிக்கிறீங்களா? நான் அன்னிக்கு அழுதேன். நெஜமா. மாமா பயந்தே போயிட்டார், ஏதோ விஷத்தைக் கொடுத்துட்ட மாதிரி. "நான் கண்டேனாம்மா, நான் கண்டேனா"ன்னு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்குறார். அப்புறம் ரெண்டு பேருமாக் காய்கறிக் கடைக்குப் போனோம். கடைக்காரர், "எவ்வளவும்மா?"ங்கிறார். நான், "ஒண்ணே ஒண்ணு போதும், வாத்து உடம்பு மாதிரி, தலை இல்லாம"ங்கிறேன். அவர் என்னை ஏற இறங்கப் பாக்குறார். மாமா இன்னொரு பக்கம் மூட்டைக்குள்ள கையை விட்டு, "இது கொக்கு, வேண்டாம்... இது ஆமை... இது பரவாயில்ல, ஆனா வால் கொஞ்சம் குட்டை"ன்னு ஒவ்வொண்ணாப் பொறுக்குறார். கூட்டம் கூடிடுச்சு. ஒரு அம்மா அவங்க பையிலேருந்து ஒண்ணை எடுத்து, "இது ஆகுமா பாருங்க"ன்னு கொடுத்தாங்க. அதுதாங்க இது. வாத்து மாதிரி இருக்காது. வாத்தைத் தெரிஞ்ச யாரோட சாயலோ இருக்கும்.

அதைக் கொண்டு வந்து, நீங்க சொல்வீங்களே, கடை இஞ்சியில முளைக்க விடாம மருந்து கிருந்து தெளிச்சிருப்பாங்கன்னு, அதனால தண்ணியில ஊறப் போட்டு, கழுவி, கண்ணு மேல பாக்குற மாதிரி மண்ணுல மேலாப்புல வெச்சேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி சூடா இருக்கும்னு தொட்டியை அங்க வெச்சேன். பச்சைப் புள்ளையைப் பாத்துக்கிற மாதிரிப் பாத்துக்கிட்டேன். மாமாவை அந்தப் பக்கமே விடல... ஆமா, அதுதான் முளைச்சிருக்கு. கள்ளாட்டம்தான். ஒத்துக்கிறேன்.

...

ஏங்க, கோவமா?... பின்ன?

...

இங்க பாருங்க. நான் ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாமக் கேளுங்க. நான் ஏன் இவ்ளோ டம்ளர்ல இவ்ளோ குப்பையை வளக்குறேன், தெரியுமா? நீங்க போன அன்னிக்குச் சாயங்காலம் வீட்டைப் பெருக்கித் தொடச்சேன். உங்க சட்டையைத் தொவச்சுக் காயப் போட்டேன். எல்லாம் பண்ணினேன். அந்த டம்ளரை மட்டும் காலி பண்ணிக் கழுவ முடியல. நீங்க கடைசியா அதைத்தானே தொட்டீங்க. மறுநாள் பாத்தா அந்த வெங்காயம் துளி பச்சை விட்டிருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்கு என்னவோ நீங்க ஒரு வார்த்தை பேசின மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் எந்தக் காயோட அடியையும் தூக்கிப் போட மனசே வரல. மாமா திட்டுற மாதிரித் திட்டுவார், ஆனா நான் கடைக்குப் போனதும் அவர்தான் தண்ணி மாத்துறார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது.

எனக்கு நீங்க வேணும்ங்க. அவ்ளோதான் விஷயம். இஞ்சி முளைச்சாலும் சரி, அழுகினாலும் சரி. இதை அன்னிக்கே நேரா சொல்லியிருக்கணும். வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான், நீங்க சிரிச்சீங்க, நானும் சிரிச்சிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே அனுப்பிட்டேன்.

...

ம்... ம்... அழல. வெங்காயம் பக்கத்துல இருக்கு, அதான்... அட, அதை நறுக்கல, சும்மாதான் இருக்கு... சரி, கொஞ்சம் அழுதேன், போதுமா?

யாரு கதவைத் தட்டுறது?... இன்னொருத்தர் பேசணுமா? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. நான் வாரம் பூரா பொறுக்கிறேன், அவர் ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டாரா?

சரி, இப்போ என்ன பண்றது? என்னோடது செல்லாது. உங்களோடது முளைக்கல. அப்போ யாருக்கும் வெற்றி இல்ல... ம்... என்ன?... என் இஞ்சியைப் பாத்துக்கணுமா? எப்படி?... நேர் வெயில்ல வைக்கக் கூடாது, எலை நுனி பழுப்பாகிக் கருகிடும்... ம், சரி... அடியில தண்ணி தேங்கக் கூடாது... சரி... கொஞ்சம் வளந்ததும் பக்கத்துல குச்சி நட்டுக் கட்டிடணும்... எதுக்கு?... ஆடும்போது சாஞ்சிடுமா? சரி, கட்டிடறேன்.

...

இருங்க, இருங்க. என்ன சொன்னீங்க இப்போ?... அதேதான், இன்னொரு தடவை சொல்லுங்க... ஆடும்போது?

எது ஆடும்போது?

ஏங்க, நம்ம வீடு எப்போ ஆடிச்சு?

...

இல்ல, பேச்சை மாத்தாதீங்க. இஞ்சி ஆடினா சாயும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எலை நுனி கருகும்னு எப்படித் தெரியும்? நீங்க இதுக்கு முன்னாடி இஞ்சி வளத்ததே இல்ல. முளைக்காத வாத்துத் தலைக்கு எலை எங்கேருந்து வந்துச்சு? எந்த எலை கருகிச்சு?... இருமாதீங்க! இருமினா விட்டுடுவேன்னு நெனச்சீங்களா?

...

முளைச்சிருச்சா?

...

எப்போ?... ஆங்?... அப்பவேவா! நான் அந்த டீயைக் குடிக்கிறதுக்கும் முன்னாடியேவா!... இப்போ எவ்ளோ உயரம்?... முழங்கை உயரமா! ஐயையோ, மாமா! மாமா, இங்க வாங்க, உங்க புள்ளை பண்ணின வேலையைக் கேளுங்க! தலை முளைச்சிருச்சாம்! முழங்கை உயரமாம்! குச்சி நட்டுக் கட்டி வெச்சிருக்காராம்! வாரா வாரம் ஃபோன் பண்ணி, "தூங்குது, தூங்குது"ன்னு நம்மகிட்ட கதை விட்டிருக்கார்!

ம்... ம்... கிச்சன்லயா வெச்சிருக்கீங்க?... எப்பவும் ஆவியும் சூடுமா இருக்கும், அதான் கிடுகிடுன்னு வந்திருச்சு... சரி... கேப்டன் தினமும் வந்து தடவிப் பாக்குறாரா?... அவருக்குத் தெரியுமா இந்தக் கதை?... கப்பலுக்கே தெரியுமா! கப்பல்ல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், கட்டின பொண்டாட்டிக்குத் தெரியாது. நல்லா இருக்கு நியாயம்.

ஆனா ஏன்? ஏன் மறைச்சீங்க? நீங்கதானே ஜெயிச்சீங்க? "முளைச்சிருச்சு, நான் அடுத்த சுத்து போறேன்"னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே... ம்... ம்...

...

நான் ஜெயிக்கட்டும்னா?

...

அப்போ வாரா வாரம், "உன்னோடது என்ன ஆச்சு, உன்னோடது என்ன ஆச்சு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, அது... நான் என்னவோ நீங்க பயந்துக்கிட்டுக் கேக்குறீங்கன்னு நெனச்சேன். எங்க நான் ஜெயிச்சிடுவேனோன்னு. நீங்க காத்துக்கிட்டா இருந்தீங்க?

...

அடப் பாவி மனுஷா.

கிளம்புறப்ப நெஞ்சை நிமித்திக்கிட்டு அவ்ளோ வீராப்பாப் பேசியாச்சு, இப்போ எப்படி வாயைத் தொறந்து "வீட்டுக்கு வரணும் போல இருக்கு"ன்னு சொல்றதுன்னா? இஞ்சி மேல பழியைப் போட்டுட்டு, "என்ன பண்றது, வாக்கு குடுத்துட்டேன்"னு சலிச்சுக்கிட்டே வந்து எறங்கலாம்னு பாத்தீங்க! நானும் இங்க லென்ஸை வெச்சுக்கிட்டு மண்ணைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மாமா சொல்றார், நம்ம ரெண்டு பேரையும் தொட்டியில நட்டுத் தண்ணி ஊத்தணுமாம். அப்பவாவது புத்தி முளைக்குதான்னு பாக்கலாமாம்... அவர் சொல்றதும் சரிதான்.

இப்போ ஒழுங்காப் பேசுவோம். பேச்சுப்படி பாத்தா நீங்கதான் ஜெயிச்சீங்க. அப்போ நீங்க சொன்னபடிதான் நடக்கணும். சொல்லுங்க... இல்ல, நீங்கதான் சொல்லணும். நான் சொல்லித் தர மாட்டேன். இஞ்சி என்ன சொல்லுதுன்னு நான் கேக்கல. உங்களுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்க.

...

...

என்னங்க?... சரியாக் கேக்கல, இரைச்சலா இருக்கு. இன்னொரு தடவை சொல்லுங்க...

...

இல்ல, முதல் தடவையே கேட்டுச்சு. ரெண்டாவது தடவையும் கேக்கணும் போல இருந்துச்சு, அதான்.

மாமா! வராராம்! வந்துடறாராம் மாமா!... அட, ஃபோனைப் பிடுங்காதீங்க, இருங்க, தரேன்... ஏங்க, உங்க அப்பா பேசணுமாம்... என்ன மாமா?... "வரப்ப இஞ்சி வாங்கிட்டு வராதே"ன்னு சொல்லச் சொல்றார். போதும் போதும்ங்கிற அளவுக்குப் பாத்துட்டாராம்... சிரிக்கிறார், கண்ணைத் தொடச்சுக்கிட்டே சிரிக்கிறார்.

நேரா கேப்டன்கிட்ட போங்க. ராத்திரி சாப்பாடு வரைக்கும் எல்லாம் வேண்டாம், இப்பவே போங்க... நான் அந்த கேன்டீன் அம்மாகிட்ட இப்பவே சொல்லிடறேன்... ம், அவங்க மூக்குக்கண்ணாடியும் ரெடியா இருக்கு, கையோட கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்துடறேன்... ஆமா, அடுப்பு ரொம்பப் பெருசாம், ஆனா ஆடாதாம்.

அந்தத் தலையை என்ன பண்ணுவீங்க?... மண்ணோட கரையில எறக்க விட மாட்டாங்களா? ஐயோ பாவம், அவ்ளோ வளந்துச்சே... ம்... கேப்டன்கிட்டயே கொடுத்துடறீங்களா? அதுவும் நல்லதுதான். சமையல்காரரை விட்டுக் கொடுக்கிறார், அவருக்கும் ஏதாவது வேணும்ல. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வாங்க, தொண்டை கரகரன்னு வந்தா அதுல கை வைக்கக் கூடாதுன்னு...

மறுபடியும் தட்டுறாங்களா? சரி, வைங்க. அவரும் அவர் வீட்ல பேசட்டும், பாவம். என்னங்க... இல்ல, ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன். வேளாவேளைக்கு உக்காந்து சாப்...

ஹலோ?... ஹலோ?

கட்டாயிடுச்சு மாமா... ஆமா, நெஜமாத்தான். நான் என்ன பொய்யா சொல்றேன்?... சரி, இன்னிக்கு ஒரு பொய் சொன்னேன், அது வேற... இப்போ டீயா? போடறேன்... இஞ்சியா? அந்தத் தொட்டிப் பக்கம் போனீங்க, அவ்ளோதான்!

மாமா, ஜன்னல்லேருந்து அந்த நசுங்கின டம்ளரைக் கொஞ்சம் எடுங்க... ஆமா, வெங்காயத்தாளோடதான். அதை மண்ணுல நட்டுடறேன், அங்கேயும் நல்லா வரும்... எதுக்கா? கழுவிக் கவுத்து வைக்கணும் மாமா. வந்ததும் டீ கேப்பார்ல.